ஏழு இருபது டிராம்

டிராமில் ஏறி உட்கார்ந்ததும் திருநாவுக்கரசு செய்யும் முதல் வேலை, கைக்கடிகாரத்தைப் பார்ப்பது. இரண்டாவது வேலை, டிரைவரைப் பிடித்து ஏசுவது.

"ஏழு இருவதுக்கு எடுக்க வேண்டிய டிராம். இப்ப மணி ஏழு இருவத்தி மூணு. தெனம் லேட்டு, தெனம் லம்பாட்தானா?"

"சாரிண்ணே. இதோ எடுத்துட்டேன்" என்றாள் ஐரீன். கதவு மூடியது. பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்து, ஃபெரி புறப்படும் ஜெட்டிக்குப் போகும் டிராம் கிளம்பியது.

"ஒன் சாரிய வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? ஏழே முக்கால் ஃபெரிய விட்டா அக்கரையில செபராங் ஜெயா ஆபீசுக்கு எப்படிப் போறது? ஏற்கெனவே ரெண்டு வார்னிங் லெட்டர் வாங்கியாச்சு. மூணாவது வந்தா வேலையே போயிடும். தெரியும்ல?"

"தெரியும்ண்ணே. தெனம் சொல்றீங்களே."

அவர் பயத்தில் பொய் இல்லை. மூன்றாவது லெட்டரோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். சிரிக்கிற மேனேஜர் சொன்னதைச் செய்துவிடுவார். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அப்புறம் எவன் வேலை கொடுப்பான்? அந்தப் பயத்தோடுதான் தினமும் ஜெட்டியில் இறங்கி, தொப்பை குலுங்க ஓடி, கடைசி ஆளாக ஃபெரியில் ஏறிக்கொண்டிருந்தார்.

டிராமை நடத்துவது தனியார் கம்பெனி. டிராம் ஓட்டுவதைவிட மன்னிப்புக் கேட்பதில் அவர்களுக்கு அனுபவம் அதிகம். ஏசி ஓடவில்லையா, மன்னிப்பு. கதவு திறக்கவில்லையா, மன்னிப்பு. ஆப்பில் புகார் போட்ட அடுத்த நிமிடமே கும்பிடும் கைப்படத்தோடு பதில் வந்துவிடும். திருநாவுக்கரசு ஒரே மாதத்தில் பதினேழு புகார் போட்டு, பதினேழு கும்பிடு வாங்கியிருந்தார்.

பதினெட்டாவது புகாரை நகராண்மைக் கழகத்துக்கும் ஒரு காப்பி அனுப்பினார். டிராம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போவது அவர்கள்தான். கம்பெனிக்கு வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே போன் வந்தது.

சனிக்கிழமை விசாரணை. புகார்களைக் கவனிக்கும் அதிகாரி துளசி நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் ஐரீன். மறுபக்கம், பூசத்துக்கு எடுத்த சட்டையில் திருநாவுக்கரசு.

"ஐரீன், வழியில எல்லா ஸ்டாப்புலயும் ஒழுங்காத்தான் ஓட்டுறீங்க. கிளம்புற எடத்துல மட்டும் ஏன் தெனம் மூணு நிமிஷம் லேட்டு?"

ஐரீன் வாயைத் திறந்தாள். எதிரே இருந்த திருநாவுக்கரசை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"நியாயமான காரணம் இருந்தா சொல்லுங்க லா. நான் மேலிடத்துல பேசுறேன்."

"என் தப்புதான் மிஸ்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பாத்தீங்களா மிஸ்?" என்று திருநாவுக்கரசு முன்னால் சாய்ந்தார். "பேச முடியுதா பாருங்க. உள்ள உக்காந்து போன நோண்டிக்கிட்டு இருந்திருக்கும். நம்மள மாதிரி நாலு பேரு தட்டிக் கேட்டாத்தான் இதுங்க திருந்தும்."

ஐரீன் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை டிரைவர் வேலையிலிருந்து எடுத்து, டிப்போவில் டிராம் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள்.

"திங்கக்கிழமையிலேருந்து ஏழு இருவதுன்னா ஏழு இருவதுதான் சார். ஒரு செகண்டு தள்ளாது" என்று துளசி உறுதி கொடுத்தாள். கூடவே கம்பெனி பெயர் போட்ட குடை ஒன்றும் கொடுத்தாள். வெளியே நல்ல வெயில். இருந்தாலும் திருநாவுக்கரசு அதை விரித்துப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். பினாங்கையே திருத்திவிட்ட சந்தோஷம் அவருக்கு.

திங்கட்கிழமை காலை. அடிவாரத்துப் பிள்ளையாரைச் சுற்றாமல் அவர் எந்த நாளும் வேலைக்குப் போனதில்லை. அன்றும் வழக்கம்போல மூன்று சுற்று. வழக்கம்போல நெற்றி நிறையத் திருநீறு. 'நல்ல டிரைவரா குடுத்திருக்கே, நன்றி அப்பனே' என்று மனமாரச் சொல்லிவிட்டு, வழக்கமான நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே இருந்த ஸ்டாப்புக்கு வந்தார்.

தண்டவாளம் காலியாக இருந்தது.

"ஹபீப் நானா, டிராம் இன்னும் வரலியா?" என்று ஸ்டாப்பை ஒட்டித் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதுவிடம் கேட்டார்.

"வந்துட்டுப் போயிருச்சே. புது டிரைவர். ஏழு இருவதுக்கு டாண்ணு எடுத்துட்டான்."

"அதெப்படி? நான் எப்பவும் வர்ற நேரத்துக்குத்தானே வந்திருக்கேன்?" மணியைப் பார்த்தார். ஏழு இருபத்து மூன்று. அடுத்த டிராம் ஏழு நாற்பதுக்கு. மேனேஜரின் சிரிப்பு கண்முன் வந்து நின்றது. கை தானாகவே போனை எடுத்து, புகார் ஆப்பைத் திறந்தது.

ஹபீப் முகம்மது தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அந்த ஐரீன் பிள்ளையா இருந்தா, உள்ள இருக்கறவங்க எவ்வளவு ஏசினாலும், 'கோயில்ல ஒரு அண்ணன் இன்னும் ஒரு சுத்து சுத்தணும், விட்டுட்டுப் போனா பாவம் அவருக்கு வேலை போயிடும்'னு கதவத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்கும். அந்தப் பிள்ளையப் போயி எவனோ கம்ப்ளைண்ட் போட்டுக் கெளப்பி விட்டுட்டானாம்ண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"