சுடுகிற சிகரெட்

கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசொக் பண்டிகைக்கு முந்தின நாள். பூசான் சந்தையிலிருந்த தன் மின்சிகரெட் கடையை அடைத்துவிட்டு ஊருக்குக் கிளம்ப இருந்தான் கியுசொக். கனத்த பையோடு வந்து நின்ற மால்சுன் அம்மாள் ஒரு மின்சிகரெட்டை நீட்டினார்.

“தம்பி, இது எங்க வீட்டுக்காரரோடது. கொஞ்ச நேரத்துலயே கையைச் சுடுது. நாளைக்கு அவருக்கு வேணும்.”

கியுசொக் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தான். பட்டனை அமுக்கிப் பார்த்தான். ஒரு கோளாறும் இல்லை.

“நல்லாத்தானே இருக்கு? பட்டன் மேல என்ன, பசை மாதிரி?”

“டேப் ஒட்டினேன். விரலை எடுத்தா அணைஞ்சுடுதே.”

“ஐயையோ! அமுக்கினபடியே விட்டா சுடாம என்னம்மா பண்ணும்? பட்டனை அமுக்கக்கூட அவருக்கு வலிக்குதா? நல்ல சோம்பேறிதான்!”

“அவரை ஒண்ணும் சொல்லாதே.” அம்மாளின் முகம் வாடியது.

“பின்னே? இழுக்க இழுக்கக் காத்து உள்ளே போனாத்தான் சூடு தணியும். அவரை நல்லா இழுக்கச் சொல்லுங்க.”

“கல்லறைக்கு முன்னால வெச்சா அவர் எப்படித் தம்பி இழுப்பார்?”

கியுசொக் நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்போதுதான் பையில் படையலுக்கு வைத்திருந்த சோஜு மதுப் பாட்டிலும் பேரிக்காய்களும் அவன் கண்ணில் பட்டன. எழுந்து தலை குனிந்தான். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டினான்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. எல்லாரும் செய்யற மாதிரி இதைப் பத்த வெச்சுக் கல்லறை முன்னால வெச்சிடுங்க. தானா எரிஞ்சு முடிஞ்சிடும்.”

மால்சுன் அம்மாள் வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“நல்லா இருக்கே நீ சொல்றது! முப்பது வருஷம் மல்லுக்கட்டி அந்தச் சனியனை விட வெச்சிருக்கேன். இப்போ நானே கொண்டுபோய்க் குடுத்தா, மறுபடியும் ஆரம்பிச்சுடுவார்!”