வியாழக்கிழமை நோயாளி

பேருந்தில் அவருக்கு நான்கு இருக்கை பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள்.

பதினெட்டு வருடம் உடன் வாழ்ந்த கணவரின் பிடரியை இப்படி ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அவர் சபை போதகர்; சபையாருக்கு 'ஐயர்'. வியாழக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்கு ஜெபம் செய்வது வழக்கம். இரண்டு மாதமாக அந்த வழக்கத்தோடு ஒன்று சேர்ந்திருந்தது. பைக்குள் ஒரு கட்டம் போட்ட சட்டை.

வெள்ளை தவிர வேறு நிறம் உடுத்தாத மனிதர்.

போன வாரம் அந்தச் சட்டையின் கையில் வெள்ளைப் பொடி. முகர்ந்து பார்த்தாள். பவுடர் என்றால் வாசனை இருக்கும். வாசனை இல்லாதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

பாளையங்கோட்டை வந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவர் எழுந்திருக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். கழிப்பறைக்குள் வெள்ளையில் போனவர் கட்டத்தில் வெளியே வந்தார். எதிரே ஒரு மாடிப்படி. விறுவிறுவென்று ஏறினார்.

மேலிருந்து ஒரு பெண்குரல்.

"வாங்க சார். உங்களுக்காகத்தான் இன்னும் ஆரம்பிக்கல."

அவள் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள்.

பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக என்றுதான் அப்போது நினைத்தாள்.

ஜன்னல் வழியே ஒரு வகுப்பறை தெரிந்தது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நாற்பது பேர் இருக்கும். கடைசி பெஞ்சில் அவர், முழங்கால் மேசையில் இடிக்க.

கரும்பலகையில் நான்கு படங்கள். மனிதனின் கை. திமிங்கிலத்தின் துடுப்பு. வௌவாலின் இறக்கை. குதிரையின் முன்னங்கால்.

"நாலுலயும் அதே எலும்புங்கதான். நாலுக்கும் ஒரே மூதாதை," என்றாள் டீச்சர். இருபத்தைந்து வயதிருக்கும். துப்பட்டாவெல்லாம் சாக்பீஸ் தூள்.

அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே தெரிந்தது.

அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் தேவன் ஆறு நாளில் எல்லாவற்றையும் படைத்தார் என்று பிரசங்கிக்கிறவர் அல்லவா இதை எழுதுகிறார்?

ஒரு பெண்ணாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சபையில் சொல்லி அழுதிருக்கலாம்.

குதிரையின் காலை என்ன செய்வது?

சாயங்காலம் அவர் வெள்ளைச் சட்டையில் வீடு திரும்பினார்.

"இன்னைக்கு யாரைப் பாத்தீங்க?"

"நம்ம ரெஞ்சிதத்தை. இப்பம் தேவலையாம்."

முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கிக்கும்போதும் இதே முகம்தான்.

மறுநாள் அவர் ஒரு அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். பீரோவின் அடித்தட்டில் அந்த நோட்டு இருந்தது.

முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்:

'ஞாயிறு வகுப்பில் ஷைனி எழுந்து கேட்டாள். மனிதன் உண்டானதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்வதை எழுதினால் மார்க், இங்கே சொல்வதை நம்பினால் இரட்சிப்பு, இரண்டில் எது ஐயா நிஜம்? உட்கார் என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. எனக்குப் பதில் தெரியாததால்தான் உட்காரச் சொன்னேன்.'

பக்கம் பக்கமாக எலும்புகள், மீன்கள், அம்புக்குறிகள். கடைசியில் மூன்று வரி.

'படிக்கப் படிக்க ஜெபம் குறையவில்லை. நீளுகிறது. இதை யாரிடம் சொல்ல? எப்சிபா பயந்துபோவாள்.'

தன் பெயரை இரண்டுமுறை படித்தாள்.

அவள் திறந்து பார்ப்பாள் என்று தெரிந்தே எழுதியிருப்பாரோ?

சனிக்கிழமை கோழி வாங்கி வந்திருந்தார். கழுவும்போது இறக்கையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். தோலை உரித்தாள். சதையை விலக்கினாள். மேலே ஒற்றை எலும்பு. அதற்குக் கீழே இரண்டு. நுனியில் விரல்போல ஏதோ.

சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். முழங்கைக்கு மேலே அமுக்கிப் பார்த்தாள். ஒன்று. கீழே அமுக்கினாள்.

இரண்டு.

"ஆண்டவரே," என்றாள். பயத்திலா வியப்பிலா, அவளுக்கே பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். சபைச் செயலாளர் தங்கையா மட்டும் வாசலில் அவளை மறித்து நின்றார். ஒரே ஒரு புகார்க் கடிதத்தில் முந்தைய போதகரை ஊரைவிட்டு மாற்றியவர்.

"ஐயரம்மா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஐயரு வியாழக்கிழம பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில ஏறுறாராம். கலர் சட்டையில. மேல பொம்பளப் பிள்ளைய சத்தம் கேக்குதாம்."

தங்கையாவின் கண்களைப் பார்த்தாள். பேருந்தில் தன் கண்களும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பக்கத்து அறையில் போதகர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். துணியின் சரசரப்பு சட்டென்று நின்றது.

ஆலயத்துக்குள் நின்று அவள் இதுவரை பொய் சொன்னதில்லை.

"அங்க நான்தான் அண்ணாச்சி படிக்கேன். அவங்க எனக்குத் துணைக்கு வாராங்க."

"நீங்களா? இந்த வயசுல என்ன படிப்பு?"

"படிக்கதுக்கு வயசு உண்டா அண்ணாச்சி?"

தங்கையா தலையை ஆட்டினார். நம்பியதற்கான ஆட்டல் இல்லை அது. மெல்ல நடந்து கேட் வரைக்கும் போய், அங்கேயே நின்றுகொண்டார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி அவள் படித்தாக வேண்டும்.

அவர் அங்கியைக் கையில் சுருட்டியபடி வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எப்சிபா, நீ எப்ப..."

"பேசாம நடங்க," என்றாள். "அவரு இன்னும் பாத்துக்கிட்டுத்தான் நிக்காரு."