கிளிசரின்

படத்தின் மூன்றாம் பாகம் வெளியாவதையொட்டி ரசிகர்கள் கூடியிருந்தார்கள். முதல் பாகத்தில் விண்கலத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் சிறுமியாக நடித்த சுகிர்தாவை மேடையில் உட்காரவைத்திருந்தார்கள். அவள் அழும் காட்சியில்தான் பஞ்சாயத்து.

"அது கிராபிக்ஸ்டா!"

"போடா, கிளிசரின். கண்ணு எப்படிச் சிவந்திருக்கு பாரு!"

கைகலப்பு ஆகாத குறை. கடைசியில் மைக்கை அவளிடமே நீட்டினார்கள்.

அந்தக் காட்சியை எடுத்த அன்று, படப்பிடிப்புக்கு வரும் வழியில் அம்மா லாரியில் அடிபட்டுச் செத்துப்போய்விட்டாள் என்று இயக்குநர் அவள் காதில் சொன்னார். சொன்ன கையோடு கேமராவை ஓடவிட்டார். 'கட்' சொன்னதும் கேமராவுக்குப் பின்னாலிருந்து முதலில் கைதட்டியது அம்மாதான்.

"கிளிசரின்தாங்க" என்றாள் சுகிர்தா.

முன்வரிசையில் இருந்த அம்மா, இப்போதும் முதல் ஆளாகக் கைதட்டினாள்.