கடைசி ஆளின் விசில்

மலையேறும்போது என் கணவர்தான் எப்போதும் கடைசி ஆள். அவர் நீளமாக விசில் அடித்தால் முன்னால் போகிறவர்கள் நிற்க வேண்டும் என்பது குழுவின் விதி. போன வருடம் அவர் மட்டும் திரும்பவில்லை. விசிலே கேட்கவில்லை என்று எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள்.

குழுவின் ஆண்டுவிழா இன்று பூங்காவில் நடந்தது. "ஒருத்தர் நின்னா எல்லாரும் நிப்போம்" என்று பேசிவிட்டுத் தலைவர் கேக்கில் கத்தியை வைத்தபோது, மரங்களுக்குப் பின்னாலிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது. கத்தி நின்றது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"விசில் கேட்டுச்சா?" என்றேன்.

"இல்லையே அண்ணி" என்றார் தலைவர்.

"அன்னிக்கும் இப்படித்தான் கேக்கலையா?"

விசில் மறுபடி கேட்டது, இன்னும் கிட்டத்தில். தலைவர் கேக்கை வெட்டினார். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.