ஜான்சியின் மாணவர்கள்

"எங்கம்மா உன் பசங்க?"

ஜீவானந்தம் சார் கேட்டார். ஜான்சி எதிரே வரிசையாகப் போட்டிருந்த காலி சேர்களைப் பார்த்துவிட்டு, "ஆரம்பிக்கட்டுமா சார்?" என்றாள்.

சாருக்குச் சுர்ரென்று ஏறியது.

இரும்புலியூர் பக்கத்து பி.எட். காலேஜ் அது. அன்றைக்கு மைக்ரோ டீச்சிங். ஒருத்தர் டீச்சராக நிற்க வேண்டும், கூடப் படிக்கிறவர்களில் நாலைந்து பேர் எதிரே உட்கார்ந்து ஸ்கூல் பசங்களாக நடிக்க வேண்டும். இதில் தேறினால்தான் நிஜப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த அனுப்புவார்கள்.

காலையிலிருந்தே சார் நொந்து போயிருந்தார். எல்லாரிடமும் தாம்பரம் கடையில் வாங்கிய ஒரே மாதிரி சார்ட். போதாக்குறைக்கு, கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லும் 'பசங்க'. எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது!

"கிரியேட்டிவிட்டின்னா கிலோ என்ன விலைன்னு கேப்பீங்க போல!" என்று கத்தியும் பார்த்துவிட்டார்.

இப்போது இவள் வேறு.

"விளையாடறியா? ஃபெயில் போட்டுடுவேன் ஜான்சி."

"ப்ளீஸ் சார். ஒரு தடவை பாருங்க."

"அக்காவுக்கு முத்திப் போச்சுடா" என்று பின்னால் உமேஷ் களுக்கென்று சிரித்தான்.

அக்காதான். கல்யாணமாகி, பிள்ளையை ஸ்கூலில் விட்ட பிறகு படிக்க வந்தவள். வகுப்பு தொடங்கி ஒரு மாசம் கழித்துச் சேர்ந்தாள். முடிச்சூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், மத்தியானம் தனியாக டிபன் பாக்ஸைத் திறப்பாள், சாயங்காலம் போய்விடுவாள்.

ஜான்சி ஈரக் கர்சீப் ஒன்றைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டாள்.

"இது காஞ்சதும் இதுல இருக்கிற தண்ணி எங்க போகும்? யார் சொல்றீங்க?"

முதல் சேரைப் பார்த்துக் காது கொடுத்தாள். "வெயில் குடிச்சிடுமா? அட, சூப்பர்டா! ஏன் அப்படித் தோணுச்சு?"

அடுத்த சேர். "நீ ஏன் டல்லா இருக்க? காலைல சாப்பிட்டியா, இல்லையா?"

கடைசி சேரிடம் குனிந்தாள். "உன்ன யாரும் சேத்துக்க மாட்டேங்கிறாங்களா? அழாத கண்ணா. எந்திரி, நீயே வந்து தொட்டுப் பாரு."

வகுப்பில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பாடம் முடிந்ததும் ஜீவானந்தம் சார் எழுந்து நின்று கைதட்டினார்.

"பிரமாதம்! பாத்துக்கோங்கப்பா. பையன் என்ன சொல்வான், எதுக்கு அழுவான்னு யோசிக்கிறவதான் டீச்சர். இதத்தான் நான் தொண்டை கிழியக் கத்தறேன். காலி சேர வெச்சுப் பாடம்! எப்படிம்மா வந்துச்சு இந்த ஐடியா?"

"ஐடியால்லாம் இல்ல சார். எல்லார்கிட்டயும் போய்க் கேட்டேன். எங்க குரூப் ஃபுல்லுன்னு சொல்லிட்டாங்க."

உமேஷ் செல்லைப் பார்க்க ஆரம்பித்தான்.

சாருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அடப் பாவமே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே ஆள் போட்டுக் குடுத்திருப்பேனே?"

"சொன்னேன் சார். நேத்து ஸ்டாஃப் ரூம்ல. நீங்க போன்ல பேசிட்டிருந்தீங்க. 'இருக்கிறத வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா'ன்னு சொன்னீங்க."

ஜான்சி ஜன்னல் கம்பியிலிருந்து கர்சீப்பை எடுத்து மடித்தாள்.

"சேர்தான் சார் இருந்துச்சு."