சூனியக்காரியின் மூக்கு

“உன் மக எழுதின புத்தகத்துல மூக்கு நீண்ட சூனியக்காரி ஒருத்தி வர்றாளே, அது நான்தானே?”

மாரியம்மன் கோயில் வாசலில் பாலேஸ்வரி போட்ட கூச்சலில் பூசாரி மணியடிப்பதையே நிறுத்திவிட்டார்.

கும்பிட்ட கையோடு தாயம்மா திரும்பினாள். பாலேஸ்வரி, எஸ்டேட்டில் கணக்கெழுதிய பழைய கிராணியின் மனைவி. அந்த வாயில் விழுந்து எழுந்தவர் யாருமில்லை.

“சின்னப் பொண்ணு லா, கிராணியம்மா. தெரியாம எழுதிட்டா.”

“தெரியாமயா? என் குறட்டையக்கூட விடல! வேணும்னா எல்லாரும் வாங்கிப் படிச்சுப் பாருங்க!”

தாயம்மா வீட்டுக்கு ஓடினாள். கூடம் நிறையப் பெட்டி பெட்டியாக மகள் லோஷினியின் முதல் நாவல். செம்பனை மரங்கள் எழுந்து நடக்கிற மாயக் கதை. ஒன்றும் விற்கவில்லை, பெட்டிக்குள் பூனைதான் குட்டி போட்டிருந்தது. இது விற்றால்தான் இரண்டாம் பாகம் என்று பதிப்பாளர் கையை விரித்துவிட்டார். இல்லையென்றால் லோஷினிக்கு நீலாய் டவுனில் ஃபேக்டரி வேலைதான் கதி.

“ஏண்டி, அவங்க மூக்கு உன்னை என்னடி பண்ணுச்சு?”

“என் கதையில சூனியக்காரியே இல்லம்மா! நீ படிக்கவே இல்லயா?”

தாயம்மாவின் பிரதி சாமி மேடையில் இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், அதன்மேல் குங்குமப் பொட்டோடு.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

“அந்தக் கிராணியம்மா புக்கு ஒண்ணு குடும்மா,” என்றார் வண்டியிலிருந்து இறங்கிய எஸ்டேட்காரர் நல்லசாமி. “என் மச்சானுக்கும் ஒண்ணு. அவனும் அவங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான்.”

வெளியூரான பாரோயிலிருந்துகூட ஆள் வந்தது. சூனியக்காரியைத் தேடித் தேடிக் கடைசிப் பக்கம்வரை படித்தார்கள்.

“அவளைக் காணோம். ஆனா கதை படுஜோர் லா! அடுத்தது எப்போ?”

பெட்டிகள் காலியாயின. பூனைக்குத்தான் கோபம்.

இரண்டாம் பாகம் கேட்டுப் பதிப்பாளர் போன் செய்த அன்று, தாயம்மா பாலேஸ்வரி வீட்டுப் படியேறினாள். சண்டைக்குத்தான்.

மேசையில் அந்தப் புத்தகம். அங்கேயும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை.

“படிக்காமலே என் பொண்ணு மேல ஏன் பழி போட்டீங்க?”

“நீ மட்டும் படிச்சுக் கிழிச்சியாக்கும்! உட்காரு, கோப்பி குடி.” பாலேஸ்வரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “நல்ல பிள்ளை, கஷ்டப்பட்டு எழுதியிருக்கு, வாங்குங்கன்னு போன மாசம் வீடு வீடா ஏறி இறங்கினேன். ஒருத்தரும் வாங்கல.”

“அதுக்கு?”

“என்னைத் திட்டியிருக்குன்னு சொன்னா, இந்த எஸ்டேட்டுல வாங்காம எவ இருப்பா?”