மூடியில்லாத் தொட்டிகள்

“உங்க ஊட்டுக் கக்கூஸ் குழிதானுங்க எங்க போர்த் தண்ணியில ஊறுது!” என்று சாலம்மாள் கத்தினாள்.

“எங்க குழி கான்கிரீட்டு, அம்மணி! ஆந்திரா, ஒடிசான்னு ரிக் வண்டியில போயி ஊரூரா போர் போட்டவனுக்கு எது எங்க ஊறும்னு தெரியாதா?” என்று வேலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாத்திரத்தோடு அப்படியே வாசலுக்கு வந்துவிட்டேன். எதிர்வீட்டில் குடியிருந்துகொண்டு இதைக்கூடப் பார்க்காவிட்டால் எப்படி?

மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவில் அந்த இரண்டு வீடுகளும் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒன்றில் சாலம்மாளும் மகள் ரஞ்சிதாவும். இன்னொன்றில் வேலுசாமியும் மகன் பிரபாகரும். அங்கே கணவன் போய்ச் சேர்ந்து பல வருஷம், இங்கே மனைவி.

இரண்டு வீட்டுக் குழாயிலும் தண்ணீர் நாறியது. அதற்கு நித்தம் ஒரு சண்டை.

தெருவில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் சாலம்மாளுக்கு அண்ணன்தான். கோபத்தில் வேலுசாமிக்கு மட்டும் அந்த ‘அண்ணா’ கிடைக்காது. வெறும் ‘ஏனுங்க’.

பாவம் ரஞ்சிதாதான். வாந்தி, பேதி என்று இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தவள். தண்ணீரைக் காய்ச்சிப் பார்த்தாள். படிகாரம் போட்டுப் பார்த்தாள். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினாலும் பல் துலக்க, பாத்திரம் கழுவ அதே குழாய்தானே.

அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. சிமெண்ட் உடைக்கும் மிஷினோடு ஓர் ஆளைக் கூட்டிவந்து, வேலுசாமி வீட்டு முன்வாசலில் நிறுத்திவிட்டாள். வழவழவென்று புதிதாக டைல்ஸ் ஒட்டிய முன்வாசல். குழி அதன் அடியில்.

“ஒடைங்கண்ணா. உள்ள பாத்தரலாம்.”

மிஷினைக் கண்டதும் சாலம்மாளுக்குச் சுருதி இறங்கியது. “ஒடைக்கறதெல்லாம் எதுக்கு சாமி? வாயில பேசித் தீத்துக்கலாம்,” என்று மகளைத் தடுத்தாள்.

இத்தனை நாள் வாயால் பேசித் தீராதது!

பிரபாகர்தான் நடுவில் வந்தான். “மொதல்ல மாடித் தொட்டிய ஏறிப் பாத்தரலாமே. எத்தன நாளாச்சு கழுவி?”

“வேண்டாம்!”

இரண்டு பேரும் ஒரே குரலில். இந்தத் தெரு சரித்திரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

“படி பூரா பாசி. வழுக்கிரும்,” என்றாள் சாலம்மாள்.

“வெயில் மண்டையப் பொளக்கும்,” என்றார் வேலுசாமி. வானம் மூடிக் கிடந்த ஐப்பசிக் காலை அது.

பிரபாகர் ஏறிவிட்டான். பின்னால் ரஞ்சிதா. அவள் பின்னால், அரிசிப் பாத்திரத்தோடு நான்.

பொதுச் சுவரை ஒட்டி இரண்டு கறுப்புத் தொட்டிகள் அக்கம்பக்கமாக நின்றன. இரண்டுக்கும் மூடி இல்லை.

எட்டிப் பார்த்தோம். புறா இறகு, வேப்பிலை, அடியில் விரற்கடை சேறு. காக்கை போட்ட அரைத் தட்டுவடை ஒன்று, ஊறி உப்பி, ராஜா மாதிரி மிதந்துகொண்டிருந்தது.

ரஞ்சிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூடிகள் எங்கே?

தொட்டிகளின் மறைவில் கிடந்தன. ஒன்றை ஒட்டி ஒன்று, பந்தியில் மணை போட்ட மாதிரி. நடுவில் சட்னி காய்ந்துபோன காகிதம். இரண்டு தட்டைக்கு இடையில் சட்னி வைத்துத் தருவார்களே, அந்தத் தட்டுவடை செட் மடித்தது.

யாரோ இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருநாள் இருநாள் இல்லை. மூடிகள் குழிந்தே போயிருந்தன.

எனக்கு அரிசியும் மறந்தது, உலையும் மறந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவுக்கே அறிவித்தேன்: “ஏனுங்க, இங்க ஒரு சோடி குடித்தனமே நடத்தியிருக்குதுங்க!”

தெரு மொத்தமும் ரஞ்சிதாவைப் பார்த்தது. பிறகு பிரபாகரைப் பார்த்தது.

“ஐயோ அக்கா, ரெண்டு மாசமா எனக்கு ரசஞ்சோறுதான்! தட்டுவடைக்கு எங்க போவேன்?” என்றாள் அவள்.

“நான் சத்தீஸ்கர் போர் வேல முடிஞ்சு நேத்துத்தானுங்க வந்தேன்,” என்றான் அவன்.

யார் நம்பினார்கள்? நான் மனத்துக்குள் முகூர்த்தமே குறித்துவிட்டேன்.

மிஷின்காரர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். டைல்ஸ் பிழைத்தது. பிரபாகர் தொட்டிகளை வடித்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசினான். புது மூடி வாங்கிக் கம்பி போட்டு இறுக்கினான். நாற்றம் போயிற்று. ரஞ்சிதா பிரியாணி சாப்பிடும் அளவுக்குத் தேறினாள்.

மார்கழிக் கடைசியில் இருவரும் சேர்ந்தே என் வாசலில் வந்து நின்றார்கள். பத்திரிகை அடிக்கவில்லையாம்.

“தை பொறந்ததும் திருச்செங்கோட்டு மலையில கல்யாணங்க்கா. நம்ம ஊட்டு விசேசம், வந்துருங்க.”

பார்த்தீர்களா, நான் சொன்னேனா இல்லையா என்று தெருவெங்கும் போய்ச் சொன்னேன்.

கல்யாணத்தன்று பிரபாகர் பட்டு வேட்டி. ரஞ்சிதா மயில்கழுத்துப் பட்டு. எல்லார் கண்ணும் அவர்கள்மேல்தான்.

மேளம் உச்சத்துக்குப் போனது. பிரபாகர் தட்டிலிருந்து தாலியை எடுத்தான்.

எடுத்து, அவன் அப்பாவின் கையில் கொடுத்தான்.

வேலுசாமி அவசரமாகக் குனிந்தார். சாலம்மாள் கழுத்தை நீட்டியபடி, “மெதுவாக் கட்டுங்க, எங்கயும் ஓடிற மாட்டேன்,” என்றாள்.

நாத்தனார் முடிச்சை யார் போடுவது என்று சின்னக் குழப்பம். நாத்தனாருக்கு எங்கே போவது? ரஞ்சிதாவே போட்டாள்.

மறுவாரம் பெரியவர்கள் இருவரும் அயோத்தியாப்பட்டணத்துக்குக் குடிபோனார்கள். கீழ் வீடுதானாம், மாடியில் வீட்டுக்காரர். அங்கே தொட்டி மூடி பிழைத்தது.